தம்பியின் பெயரில் சில பிழைகள்

உங்கள் அலுவலகத்து டீ நன்றாக இருக்கிறது, மேடம். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். குறையாகச் சொல்லவில்லை. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இத்தனை வருடம் உட்கார்ந்தவளுக்கு, யார் எவ்வளவு சர்க்கரை சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கும் புத்தி தானாக வந்துவிடுகிறது.

என் சொந்த வார்த்தைகளில் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். அவசரப்படுத்தாமல் கேட்டால் எல்லாம் வரிசையாக வரும். என்னைக் கோபப்பட வைக்க முடியாது என்று எங்கள் டாக்டர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். பல் வலியோடு வருகிறவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். நான் "உட்காருங்க, கூப்பிடறேன்" என்று மட்டும் சொல்வேன். பாதி வலி அதிலேயே போய்விடும்.

என் தம்பியை வீட்டில் சின்னவன் என்று கூப்பிடுவோம். கூப்பிடுவோம் என்று சொல்வது பழக்கதோஷம். கூப்பிட நான் ஒருத்திதான் இருந்தேன். அம்மா போன மறு வருடமே அப்பாவும் போனார். அவன் அப்போது நான்காம் வகுப்பு. நான் கல்லூரியில் கால் வைத்திருந்தேன். வைத்த காலை எடுத்துவிட்டேன். அதைத் தியாகம் என்பார்கள் சிலர். எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது. சோறு போட்டேன், படிக்கவைத்தேன், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்தேன். வங்கியில் அவனுக்கு முதல் கணக்கு திறந்தபோது கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்து, மேலே ஒரு கோடு. இன்றைக்கும் அப்படித்தான் போடுகிறான். அவன் ஊரில் இல்லாத நாட்களில் அவனுக்காக நானும் அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

படித்து லிஃப்ட் மெக்கானிக் ஆனான். பிறகு பத்துப் பேரை வேலை வாங்கும் சூப்பர்வைசர். கல்யாணத்தையும் நான்தான் செய்துவைத்தேன். பெண் நர்ஸ். நானே பார்த்து, நானே பேசி முடித்த பெண். நல்ல பெண். இதை எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவள்மேல் எனக்கு ஏதோ வன்மம் என்று நாளைக்கு யாராவது சொல்லக்கூடும். கிடையாது. குரல் உயர்த்த மாட்டாள், போட்டது போட்டபடி போக மாட்டாள், என்னை அண்ணி அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். தாய்க்குப் பின் தாரம் என்று ஒரு பழமொழி இருக்கிறதே. நடுவில் அக்கா என்று ஒருத்தி இருப்பதைப் பழமொழி கட்டியவர்கள் மறந்துவிட்டார்கள். அதற்கு அந்தப் பெண் என்ன செய்வாள்?

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சின்னவன் ஒரு வரைபடத்தை விரித்தான். நகரத்தின் மறுகோடியில் புதிதாகக் கட்டும் அடுக்குமாடியில் ஒரு வீடு. இரண்டு படுக்கையறை. அவன் கம்பெனி லிஃப்ட்தான் அங்கே பொருத்துகிறார்களாம்.

"இது எங்க ரூம். இது பின்னாடி குழந்தைக்குன்னு வச்சுக்கலாம். நீ எப்ப வேணாலும் வந்து தங்கலாம்க்கா."

வந்து தங்கலாம். அதை விருந்தாளிகளிடம்தான் சொல்வார்கள். நான் வரைபடத்தைப் பார்த்து, சமையலறையில் காற்றோட்டம் போதாது என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தார்கள். வங்கிக்காரர் அவனுடைய கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாராம். அறிக்கையில் அவன் பெயரில் ஒரு மோட்டார் சைக்கிள் கடன். ஆறு தவணை கட்டாமல் நிற்கிறது. இவனுக்கு மோட்டார் சைக்கிளே ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டதிலிருந்து இரண்டு சக்கரம் என்றாலே நான் விட்டதில்லை.

இந்த முதல் பிழைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. தயவுசெய்து இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அது நிஜமான பிழை. அதே பெயரில், அதே பிறந்த தேதியில் வேறு எவனோ ஒருவன் வாங்கிய கடன் இவன் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

அதைத் திருத்த நானும் அவனும் உட்கார்ந்தோம். அவன் மனைவிக்கு அப்போது இரவு ஷிஃப்ட். வேலைவிட்டு அவன் வந்ததும் மேசையைத் துடைத்து, காகிதங்களைப் பரப்பி, நான் சொல்லச் சொல்ல அவன் எழுதுவான். இது என் கடன் அல்ல என்று முதலில் அறிக்கை கொடுக்கும் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். அவர்கள் கடன் கொடுத்தவரைக் கேட்பார்கள். அடையாள அட்டையின் நகல், முகவரிச் சான்று, வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதம். நடுவில் டீ. அவன் பள்ளியில் படித்தபோது வீட்டுப்பாடம் எழுதின மாதிரியே நாக்கை ஓரமாக மடித்துக்கொண்டு எழுதுவான். "அக்கா, 'மேற்படி'க்குச் சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா?" என்று கேலி செய்வான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் என்னோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அப்போதுதான்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. பிழை நீக்கப்பட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம். சின்னவன் சமையலறைக்கே ஓடிவந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

"எல்லாம் சரியாயிடுச்சுக்கா! இனிமே நாங்க கிளம்பிடலாம்."

நீங்களும் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அவன் என்னிடம் உட்காரக் காரணமாக இருந்தது ஒரு பிழை. அவன் என்னை விட்டுப் போகக் காரணமாக இருந்தது அந்தப் பிழை தீர்ந்தது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

அவனுடைய பழைய செல்போன் என் பீரோவில் இருந்தது. படிக்கும் காலத்தில் நான் வாங்கிக் கொடுத்தது. எண்ணும் அவன் பெயரில்தான். ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருந்தேன். எதையும் தூக்கிப்போட எனக்கு மனம் வராது. மாணவனாக இருந்தபோது நாங்கள் திறந்த அந்த வங்கிக் கணக்கும் இருந்தது. அவனுக்கு அது ஞாபகமே இல்லை. இப்போதெல்லாம் போனிலேயே கடன் கொடுக்கிறார்கள், மேடம். ஒரு கிழவிக்கு உப்புக் கடன் கொடுக்கவே அக்கம்பக்கத்தில் யோசிப்பார்கள். இவர்கள் முகம்கூடப் பார்ப்பதில்லை. அவன் அடையாள அட்டையின் நகலைப் படம் எடுத்து அனுப்பினேன். ஓடிபி வந்தது, போட்டேன். டீ ஆறுவதற்குள் பணம் கணக்குக்கு வந்துவிட்டது.

பணத்தில் ஒரு காசு நான் தொட்டதில்லை. ஏடிஎம்மில் எடுத்து, அப்படியே அவனுடைய பள்ளிச் சான்றிதழ்களுக்கு அடியில் வைத்தேன். நேற்று உங்கள் ஆட்கள் எண்ணினார்களே, குறைந்திருந்ததா? நான் திருடி இல்லை.

இரண்டு மூன்று தவணை தவறியதும் அறிக்கையில் அது ஏறியது. வங்கி மறுபடி உதட்டைப் பிதுக்கியது. சின்னவன் மறுபடி மேசைக்கு வந்தான். மறுபடி காகிதம், மறுபடி டீ. ஆனால் இந்தமுறை கடன் கொடுத்தவர்கள், 'விவரங்கள் சரிபார்க்கப்பட்டன, கடன் உங்களுடையதே' என்று பதில் எழுதினார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. பெயர் சரி, பிறந்த தேதி சரி, எண் சரி, கணக்கு சரி. பிழை என்று விரல் வைக்க ஓர் இடம் கிடையாது. அப்படியே மூன்று கடன். ஒன்றின் பதில் வருவதற்குள் இன்னொன்று. அவன் பொருத்தும் லிஃப்டாவது இறங்கினால் ஏறும். அறிக்கையில் அவன் கடன் ஸ்கோர் இறங்கிக்கொண்டே போனது, ஏறவில்லை.

அந்த அடுக்குமாடி வீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். சின்னவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவனுக்குப் பிடித்ததைத்தான் சமைத்தேன்.

அவன் மனைவிக்குச் சந்தேகம் வந்தது. என்மேல் இல்லை. அவன்மேல். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"அண்ணி, இவரு கல்யாணத்துக்கு முன்னாடி சீட்டாட்டம், பந்தயம்னு ஏதாவது...? நீங்க மறைக்காம சொல்லுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"சேச்சே. அவன் தங்கம்மா" என்றேன். பிறகு ஒரு போர்வையை மடித்து முடித்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றேன்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நான் அடியே வைக்கவில்லை, அம்மி தானாக நகர்ந்தது. அவர்கள் அறையிலிருந்து தாழ்ந்த குரலில் பேச்சு கேட்கும். 'சத்தியமா நான் வாங்கலை' என்று அவன் சொல்வான். 'அப்ப யாரு வாங்கினது, பேயா?' என்று அவள் கேட்பாள். கொஞ்ச நாளில் அவனே என்னிடம் வந்து, "எங்கயாவது பார்க்காம கையெழுத்துப் போட்டிருப்பேனோக்கா? எனக்கே சந்தேகமா இருக்கு" என்றான். தலையைத் தடவிக் கொடுத்தேன். எத்தனை காலம் ஆகிவிட்டிருந்தது அவன் தலையைத் தடவி.

அந்தப் பெண் கெட்டிக்காரி. அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. யானைக்கும் அடி சறுக்கும். அவள் ஒரு விடுமுறை நாளில் கடன் கொடுத்த இடத்துக்கே நேரில் போய், ஓடிபி எந்த எண்ணுக்குப் போனது என்று கேட்டிருக்கிறாள். முழு எண்ணைக் கொடுக்க மாட்டோம் என்றவர்கள் கடைசி நான்கு எண்ணைக் காட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் ஒரு துண்டுச் சீட்டோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணி, இப்படி முடியற நம்பர் யாருக்காவது இருக்கா நம்ம வீட்ல? இவரோட பழைய நம்பரு எதுன்னு இவருக்கே ஞாபகம் இல்லையாம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். "தெரியலையேம்மா. தேடிப் பார்க்கிறேன்" என்றேன்.

தேடினேன். பீரோவிலிருந்து போனையும் வங்கி அட்டையையும் எடுத்துத் துடைத்து, அவள் யூனிஃபார்ம் வைக்கும் பையின் உள் ஜிப்பில் வைத்தேன். நான் பணம் எடுத்த ஏடிஎம் அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையின் வாசலில் இருந்தது. அவள் அடிக்கடி சாப்பாட்டை மறந்துவிட்டுப் போவாள். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். வழியில் இருந்ததால் அங்கே எடுத்தேன், அவ்வளவுதான். மருத்துவமனைக்குள் முகக்கவசம் போட வேண்டும் என்பது விதி. விதியை நான் மீறுவதில்லை. ஏடிஎம் கேமராவிலும் அந்த முகக்கவசம்தான் தெரியும்.

சின்னவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பையைத் துவைத்துப் போடலாமே, பாவம் வேலை அசதி என்று மட்டும் சொன்னேன். அவன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான்.

அதன் பிறகு நடந்தது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவள் அழவில்லை. போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்னுது இல்லைங்க. நான் இதைப் பார்த்ததே இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்க."

"நான் என்னம்மா சொல்றது? புருஷன் பொண்டாட்டி விஷயம்" என்றேன்.

குடும்பத்தில் ஒருவர் ஏமாற்றியிருந்தால் போலீஸில் புகார் கொடுங்கள், புகாரின் நகலைக் காட்டினால் எல்லாக் கடனையும் அறிக்கையிலிருந்து எடுத்துவிடுவோம் என்று அந்த நிறுவனத்தில் சொன்னார்கள். சின்னவன் பல நாள் யோசித்தான். பிறகு மேசையில் வந்து உட்கார்ந்து, "நீயே எழுதிடுக்கா. எனக்குக் கை வரலை" என்றான். எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். அவன் படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். அவளை விசாரிக்க வந்த பெண் காவலரிடம், நிற்கவைக்காதீர்கள், ஒரு நாற்காலி கொடுங்கள் என்று சொன்னதே நான்தான். அவரைக் கேட்டுப் பாருங்கள். மருத்துவமனை அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. ஜாமீனில் வந்து அம்மா வீட்டுக்குப் போனாள். போகும்போது அவள் பொருட்களையெல்லாம் நானே பெட்டியில் அடுக்கி வைத்தேன். ஒரு கைக்குட்டைகூட விடவில்லை.

அறிக்கை துடைத்த கண்ணாடி மாதிரி ஆனது. நான் நிம்மதியாக இருந்தேன். இனி எந்தத் திருத்தமும் வேண்டாம், பழைய மாதிரி இரண்டு தட்டு, இரண்டு டம்ளர் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவன் துணிகளை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"லோன் கிடைச்சிடுச்சுக்கா. சின்ன வீடுதான், ஒரே ரூம். ஆபீஸ் பக்கத்துல. இந்த வீட்ல எங்க பார்த்தாலும் அவ ஞாபகமா இருக்கு. என்னால இருக்க முடியலை."

பார்த்தீர்களா? கரும்பலகை மாதிரி நான் துடைத்துக் கொடுத்த அறிக்கையை வைத்துத்தான் அவனுக்குக் கடன் கிடைத்தது. இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஒரே அறை. இந்தமுறை 'வந்து தங்கலாம்' என்றுகூட அவன் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை போன் செய்தான். பிறகு மாதம் ஒருமுறை. 'சாப்பிட்டியா' என்று நான் கேட்பேன், 'ம்' என்பான். அவனுக்கு என்னிடம் பேசுவதற்கு விஷயமே இல்லாமல் போயிற்று. விஷயம் இல்லாமல் எப்படிப் பேசுவான்? ஆகவே ஒரு விஷயம் கொடுத்தேன். பழைய போன் உங்களிடம் போய்விட்டதால் இந்தமுறை ஒரு தவணைக் கடைக்கு நேரில் போனேன். தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி, அவன் அட்டை நகலைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, அவன் பெயரில் ஒரு சலவை இயந்திரம் எடுத்தேன். அவன் புது வீட்டில் அது இல்லை என்று எனக்குத் தெரியும். தவணை கட்டவில்லை.

அவனுக்குச் செய்தி போயிருக்கும் என்று தோன்றிய நாளிலிருந்து மேசையைத் துடைத்து வைத்தேன். காகிதம், பேனா. அவன் வேலைவிட்டு வரும் நேரத்துக்கு டீ போட்டு மூடி வைப்பேன். ஆறிப்போனால் மறுபடி சூடு பண்ணுவேன்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. அவன் யோசித்தான். அவனுடைய பெயரைத் தொடக்கூடியவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தியை நானே வெளியே அனுப்பியாயிற்று. அவள் பையில் கிடைத்த போனும் அட்டையும்கூட நீதிமன்றத்தில் இருந்தன. மீதி யார் என்று கண்டுபிடிக்க விரல் விட்டு எண்ண வேண்டுமா என்ன? அவள் இருந்தவரைக்கும் எனக்கு மறைவாக இருந்தாள். மறைப்பை நானே பிய்த்துப் போட்டேன்.

கதவு தட்டிய சத்தம் கேட்டு, இரண்டு கப்பிலும் டீயை ஊற்றிவிட்டுத்தான் போய்த் திறந்தேன். நீங்கள் நின்றீர்கள்.

ஆமாம், மேடம். நான்தான். மூன்று கடனும் நான். சலவை இயந்திரமும் நான். போனையும் அட்டையையும் அந்தப் பெண்ணின் பையில் வைத்தது நான். அவள்மேல் பொய்ப் புகார் எழுதியதும் நான். அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. வழக்கிலிருந்து அவளை விடுவித்துவிட்டதாகச் சொன்னீர்கள், சரியான காரியம். சின்னவன் இப்போது அவள் அம்மா வீட்டில்தான் இருக்கிறான் என்றும் சொன்னீர்கள். குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறதாமே. மூக்கு யார் மாதிரி என்று கேட்டேன், நீங்கள் தாளைத் திருப்பினீர்கள். பரவாயில்லை. எங்கள் வீட்டு மூக்காகத்தான் இருக்கும்.

என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டேன். ஒரு சொல்கூட மாற்ற வேண்டாம். ஆனால் அதோடு சேர்த்து வைத்திருக்கிறீர்களே, என் தம்பி உங்களுக்கு எழுதிக் கொடுத்த தாள், அதில் ஒரு பிழை இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் உங்களுக்கு என்ன உறவு என்ற கேள்விக்கு எதிரே, 'தெரிந்தவர்' என்று எழுதியிருக்கிறான்.

அவசரத்தில் எழுதியிருப்பான். அவனுக்கு இந்த மாதிரிக் காகிதங்களைப் பூர்த்தி செய்யவே வராது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும். நான் கோபித்துக்கொள்ளவில்லை என்று அவனிடம் சொல்லுங்கள். பிழை என்றால் யாருக்கும் வரும். ஒரு நடை வந்து திருத்திவிட்டுப் போகச் சொல்லுங்கள். இன்றைக்கே வர வேண்டும் என்றில்லை, அவனுக்கு எப்போது சௌகரியமோ அப்போது வரட்டும். நான் இங்கேதானே இருக்கப்போகிறேன்.